பூனையின் மருத்துவச் செலவு: காப்பீடா, சேமிப்பா, மலிவு மருத்துவமனையா?

பூனைக்கு ஆகும் மருத்துவச் செலவை மூன்றாகப் பிரிக்கலாம். நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைக்கக்கூடியது ஒன்று. நள்ளிரவில் சொல்லாமல் வந்து நிற்பது இன்னொன்று. மாதாமாதம் ஓசையின்றிக் கரைத்துக்கொண்டே இருப்பது மூன்றாவது. காப்பீடு எடுக்கலாமா, தனியாகப் பணம் சேர்க்கலாமா, மருத்துவமனையின் ஆண்டுத் திட்டத்தில் சேரலாமா, அறக்கட்டளை மருத்துவமனையை நம்பலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மூன்றாவதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. முதல் சோதனையில் எல்லா வழிகளும் தேறிவிடும். இரண்டாவதில் பாதி தேறும். மூன்றாவதில்தான் பலவற்றின் சாயம் வெளுக்கும்.

முதல் வகையை விரைவாகக் கடந்துவிடலாம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், குறைந்தது 16 வார வயது வரை தடுப்பூசித் தொடர். பான்லுகோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் சேர்த்து ஓர் ஊசி. ரேபிஸுக்குத் தனியாக ஓர் ஊசி. அதோடு குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து, கருத்தடை. வளர்ந்த பூனைக்கு எல்லா ஊசியையும் ஆண்டுதோறும் போட வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து, வெளிப்பூனைகளோடு பழகாத பூனைக்கு அந்த மூன்று வைரஸ் ஊசியை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பதே உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். ரேபிஸ் ஊசியின் இடைவெளி அந்தந்த இடத்துச் சட்டத்தையும் ஊசி மருந்தின் வகையையும் பொறுத்தது. அட்டையில் ஆண்டுக்கொரு கட்டம் அச்சிட்டிருக்கிறது என்பதற்காக அதை நிரப்பிக்கொண்டே போகாமல், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வகையில் ஒன்றே ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. கருத்தடை. ஆறு மாத வயதுக்கு முன்பே கருத்தடை செய்த பெண்பூனைகளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் 91 சதவீதம் குறைந்திருந்ததாக 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஓராண்டுக்குள் செய்தவற்றுக்கு 86 சதவீதம். பூனைகளுக்கு வரும் மார்பகக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகளே என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கருப்பையில் சீழ் கட்டும் நோயும் இந்த ஒரே அறுவையில் ஒழிகிறது. பிற்பாடு வரும் அந்த இரண்டு அறுவைகளில் எதுவாக இருந்தாலும் கருத்தடைக் கட்டணம் அதன் பக்கத்தில்கூட நிற்காது.

இரண்டாவது வகைக்கு வருவோம். கடுவன் பூனை மணல்தட்டில் போய்க் குந்துகிறது. எழுந்து வருகிறது. மறுபடியும் போகிறது. அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். மணலில் ஒரு சொட்டு ஈரம், சில சமயம் இளஞ்சிவப்பாக. பெரும்பாலும் அதுவும் இல்லை. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டிவிட்டுப் படுத்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கிறது. கடுவனுக்கு அந்தப் பாதை நீளம், நுனியில் மிகக் குறுகல். ஒரு சளித்துணுக்கும் கொஞ்சம் படிகமும் சேர்ந்தால் போதும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குலைகிறது. இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிரே போய்விடும்.

மருத்துவமனையில் கையில் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளில் வரிசையாக எழுதியிருக்கும்: இரவு நேரக் கட்டணம், ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, குழாய் செலுத்துதல், நரம்பு வழித் திரவம், கல் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே, உள்நோயாளியாக இரண்டு மூன்று இரவுகள், குழாயை எடுத்த பின் தானாகச் சிறுநீர் போகிறதா என்று பார்க்க இன்னொரு நாள். இத்தனைக்குப் பிறகும் சில பூனைகளுக்குத் திரும்ப அடைக்கும். மறுபடி மறுபடி அடைத்தால் பாதையை அகலப்படுத்தும் அறுவை. அவசரச் செலவுக்கு எவ்வளவு பணம் தேவைப்படும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மருத்துவரிடம், பூனை நன்றாக இருக்கும் ஒரு நாளில், ‘அடைப்போடு ஒரு கடுவனைக் கொண்டுவந்தால் மொத்தம் எவ்வளவு ஆகும்’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகைதான் உங்கள் வீட்டு அவசர நிதியின் இலக்கு.

இனி மூன்றாவது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் தளர்வது மிகச் சாதாரணம். தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு, மூட்டு வாதம், உயர் ரத்த அழுத்தம் எல்லாம் இதே வரிசை. இவற்றில் எதற்கும் ஒரே நாளில் மலைக்க வைக்கும் ரசீது வராது. மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும், ரத்த அழுத்தம் பார்த்தல், தனி உணவு, மாத்திரை, திரவம். இது ஆண்டுக்கணக்கில் ஓடும். தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்த சிறுநீரக நோயோடு பூனை பல ஆண்டுகள் நன்றாக வாழக்கூடும். மகிழ்ச்சியான செய்திதான், பணப்பைக்கு நீண்ட செய்தி.

இதில் செலவைக் குறைக்கும் ஓர் இடம் வீட்டிலேயே இருக்கிறது. தோலடியில் திரவம் ஏற்றுவதை மருத்துவர் ஒருமுறை காட்டித்தந்தால் பெரும்பாலானோர் கற்றுக்கொள்கிறார்கள். ரிங்கர் லாக்டேட் பையை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் போட்டுவைத்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே தளர்ந்த தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியை நுழைக்க வேண்டும். எதிர்ப்புறமாக ஊசி வெளியே வந்துவிட்டால் ரோமம் நனைவதில் தெரியும். மருத்துவர் சொன்ன அளவு இறங்கியதும் தோளில் ஒரு பொதி தொங்கும். நடக்க நடக்க அது முன்னங்கால் பக்கம் சரியும். சில மணி நேரத்தில் உடல் உறிஞ்சிக்கொள்ளும். முதல் வாரம் கை நடுங்கும். பழகிய பிறகு, ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஏற்றும் செலவில் ஒரு சிறு பகுதியோடு முடிந்துவிடுகிறது. கூடையில் அடைத்துக் கொண்டுபோகும் அமளி மிச்சமாவதைப் பூனையும் பெரிய சலுகையாகத்தான் நினைக்கும்.

மூன்றும் இவை. இனி வழிகளை இவற்றோடு உரசிப் பார்க்கலாம்.

வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது பலருடைய வழி. நிலையான வருமானமும், அவசரத்துக்கு எடுக்கக்கூடிய பொதுச் சேமிப்பும் இருப்பவர்களுக்கு இதில் தவறு எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு இது வழியே அல்ல. செலவு வந்துவிடுமோ என்று ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என ஒத்திப்போட வைக்கும் என்பதே இதன் பெரிய கேடு. நாய் சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்தால் கவலை. பூனை, அதுவும் பருத்த பூனை, சில நாட்கள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்கிப் புதிதாக ஒரு நோயே உண்டாகிவிடும். முதலில் சாப்பாட்டைத் தடுத்தது ஒரு பல்வலியாகக்கூட இருக்கலாம். இரண்டு நாள் பொறுத்ததற்கு உணவுக் குழாய் பொருத்தி வாரக்கணக்கில் ஊட்டும்படி ஆகிவிடும்.

தனிச் சேமிப்பு எனக்குப் பிடித்த வழி. காப்பீட்டில் இருப்பதுபோல் விலக்குப் பட்டியல் இல்லை, பாதுகாப்பு தொடங்கும்வரை பொறுக்க வேண்டிய காத்திருப்புக் காலம் இல்லை, படிவம் இல்லை. பூனை திடகாத்திரமாக வாழ்ந்துவிட்டால் பணம் நம்மிடமே இருக்கும். பல் பிடுங்க வேண்டுமா, பழைய நோய் திரும்பியதா, எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: காலம். சேமிக்கத் தொடங்கிய மூன்றாவது மாதத்தில் குட்டி ஒரு நூலை விழுங்கிக் குடல் சுருங்கி மடிந்துவிட்டால், பானையில் இருப்பது பரிசோதனைக்குத்தான் காணும். ஒரு தொகையை முதலிலேயே போட்டுவிட்டு மாதாமாதம் சேர்ப்பவருக்கு இந்தக் குறை பாதியாகிவிடும். மாதத் தவணையில் மட்டுமே தொடங்குபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கயிற்றின் மேல் நடைதான். நீண்ட நோயில் சேமிப்பு மெல்லக் கரையும் என்பதும் உண்மை. ஆனால் ‘இதற்குத் தர மாட்டோம்’ என்று அது ஒருபோதும் சொல்லாது.

காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் விளையும் நிலம் அது. அமெரிக்காவில் முதல் செல்லப்பிராணிப் பாலிசி 1982இல் தொலைக்காட்சி நாய் லாஸிக்குத்தான் எழுதப்பட்டது. இன்றும் அங்கே காப்பீடு பெற்ற விலங்குகளில் நாய்களே மிகப் பெரும்பான்மை. பூனைக்குப் பிரீமியம் பொதுவாகக் குறைவு என்பது பூனைக்காரர்களுக்குக் கிடைத்த சின்ன ஆறுதல்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். நோய் நீண்டால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். பாலிசிகள் ஏறக்குறைய நான்கு வகை. விபத்துக்கு மட்டும் தருவது. ஒரு நோய்க்கு 12 மாதம் வரை மட்டும் தருவது. ஒவ்வொரு நோய்க்கும் மொத்தமாக ஓர் உச்சவரம்பு வரை தருவது. ஆண்டு உச்சவரம்பு ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புதிதாகத் தொடங்கி, அதே நோய்க்கும் ஆண்டுதோறும் தருவது. சிறுநீரக நோயை இந்த நான்கின் மேலும் வைத்துப் பாருங்கள். முதல் வகை ஒரு காசு தராது. இரண்டாவது ஓராண்டு தந்துவிட்டுக் கையை விரித்துவிடும். மூன்றாவது சில காலம் ஓடிப் பிறகு வற்றும். நான்காவதுதான் பூனையோடு கடைசிவரை வரும். அதுதான் விலையும் கூடியது. மலிவான பாலிசி எடுத்துவிட்டுக் காப்பீடே மோசடி என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வகையை வாங்கியவர்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்து கணக்கு. ரசீது ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் முதல் இருநூறு உங்கள் பொறுப்பு. மிச்சத்தில் 80 சதவீதம் நிறுவனம் தரும் என்றால் உங்கள் கைக்கு வருவது 640. ஆனால் முதலில் 80 சதவீதத்தைப் போட்டு, அதிலிருந்து இருநூறைக் கழிக்கும் பாலிசியும் உண்டு. அங்கே வருவது 600. சதவீதமும் ஒன்று, கழிவும் ஒன்று, கழிக்கும் வரிசைதான் வேறு. அந்த இருநூறு ஆண்டுக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்குமா என்பது இன்னும் முக்கியம். நோய்க்கு ஒருமுறை என்றால், மூன்று சில்லறைக் கோளாறுகள் வந்த ஆண்டில் உங்களுக்கு எதுவுமே வராமல் போகலாம். மிகப் பல நிறுவனங்களில் நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் வாங்க வேண்டும். ஆக, காப்பீடு எடுத்தவருக்கும் அந்த நள்ளிரவில் கையில் பணமோ கடன் அட்டையோ வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஏற்கெனவே இருந்த நோய் என்ற விலக்கு எல்லோருக்கும் தெரியும். பெயர் வைத்துக் கண்டறியப்பட்ட நோய் மட்டும் அதில் வருவதில்லை, அறிகுறியும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. பாலிசி தொடங்குமுன் ‘அடிக்கடி வாந்தி’ என்று மருத்துவக் குறிப்பில் ஒரு வரி இருந்தால், இரண்டு ஆண்டு கழித்துக் குடல் நோய் கண்டறியப்படும்போது அந்த வரி எழுந்து நிற்கும். காத்திருப்புக் காலத்துக்குள் வந்ததும் அப்படியே. அதனால் காப்பீடு எடுப்பதானால் குட்டிப் பருவத்திலேயே எடுப்பதுதான் புத்தி; குறிப்பேடு வெறுமையாக இருக்கும் ஒரே காலம் அது. பல் சிகிச்சை சேர்த்தியா, சிறுநீரக நோய்க்கான தனி உணவு சேர்த்தியா, வயது ஏற ஏறப் பிரீமியம் எப்படி ஏறும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பூனைகளுக்குப் பல் தானாக அரித்துப்போகும் ஒரு நோய் உண்டு. வலி மிகுந்தது, மயக்கம் கொடுத்துப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பல் விலக்கப்பட்ட பாலிசியில் அது முழுக்க உங்கள் செலவு.

மருத்துவமனைகள் விற்கும் ஆண்டுத் திட்டம் காப்பீடு அல்ல. தடுப்பூசி, பரிசோதனை, தெள்ளு மருந்து ஆகியவற்றை மாதத் தவணையாக்கிச் சற்றுத் தள்ளுபடியில் தருகிறார்கள், அவ்வளவுதான். அதில் இருப்பவற்றைத் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். நீங்கள் எப்படியும் வாங்கியிருக்காத பொருட்களை அடித்துவிட்டுக் கூட்டுங்கள். மிச்சம் இருந்தால் சேரலாம்.

அறக்கட்டளை, அரசு, கல்லூரி மருத்துவமனைகளை ‘இல்லாதவர்களுக்கு’ என்று ஒதுக்குவது வீண் கௌரவம். பிரிட்டனில் மரியா டிக்கின் 1917இல் தொடங்கிய பிடிஎஸ்ஏ என்ற விலங்கு மருத்துவ அறக்கட்டளை போன்ற அமைப்புகள் வருமானத் தகுதி பார்த்துத்தான் சேர்க்கின்றன. ஆனால் கருத்தடை, தடுப்பூசி முகாம்கள் பல இடங்களில் எல்லோருக்கும் திறந்தவை. முதல் வகைச் செலவுக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை. கல்லூரி மருத்துவமனையில் நிபுணர்களும் கருவிகளும் கிடைப்பார்கள், நேரமும் பொறுமையும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். எல்லாக் கல்லூரிகளும் மலிவு என்று எண்ணிவிடவும் கூடாது. இரவில் கதவு திறந்திருக்குமா என்பதே இவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நீண்ட நோய்க்கு வேறொரு சிக்கல்: ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர், வேறு சீட்டு. பரிசோதனை முடிவுகளைத் தேதிவாரியாக நீங்களே ஒரு கோப்பில் வைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் தீரும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இணையாக, எந்தச் சிகிச்சைக்குப் போகிறது என்பதிலும் தேர்வு இருக்கிறது. தைராய்டு மிகைச் சுரப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பூனைகளில் இந்த நோயை மருத்துவ உலகம் முதலில் விவரித்தது 1979இல்தான். இன்று நான்கு வழிகள் உண்டு. மெதிமசோல் மாத்திரை: தொடங்க மலிவு, ஆனால் வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், இடையிடையே ரத்தப் பரிசோதனை வேண்டும், விழுங்க மறுக்கும் பூனைக்குக் காது மடலில் தடவும் களிம்பாகவும் கிடைக்கிறது. கதிரியக்க அயோடின்: ஒரே ஊசி, பெரும்பாலான பூனைகள் அதோடு குணம், ஆனால் கட்டணம் பெரியது, வசதியுள்ள மையங்கள் சில, கதிரியக்கம் தணியும்வரை பூனை அங்கேயே இருக்க வேண்டும். அறுவை. அயோடின் குறைத்த உணவு: அதைத் தவிர வேறு ஒரு வாய்கூடத் தின்னாத பூனைக்கு மட்டும், அப்படி ஒரு பூனையை நான் பார்த்ததில்லை. பத்து வயதில், மற்றபடி நலமாக உள்ள பூனைக்கு அயோடின் ஊசிதான் கூட்டிக் கழித்தால் மலிவாக முடியும் வாய்ப்பு அதிகம். பதினேழு வயதில், சிறுநீரகமும் தளர்ந்துவிட்ட பூனைக்கு மாத்திரையே போதும். அதை யாரும் கஞ்சத்தனம் என்று சொல்லப்போவதில்லை.

மருந்தே செலவைத் தலைகீழாக்கியதும் உண்டு. பூனைகளின் எஃப்ஐபி நோய், அதாவது பூனைக் கொரோனா வைரஸ் உடலுக்குள் திரிந்து உண்டாக்கும் கடும் அழற்சி நோய், அண்மைக்காலம் வரை ஏறக்குறைய மரண தண்டனை. அதனால் செலவும் இல்லை. ஜிஎஸ்-441524 என்ற மருந்தின் பலன் 2019இல் ஆய்வாக வெளியான பிறகு, 84 நாள் சிகிச்சையில் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. அளவு எடைக்கு ஏற்பக் கணக்கிடப்படுவதால், தேறத் தேறக் குட்டிக்கு மருந்துச் செலவு ஏறுகிறது! வயிற்றில் நீர் கோக்கும் வகைக்கு 42 நாட்களே போதும் என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் பூனைக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பது செலவைப் பாதியாக்கும் கேள்வி.

அதேபோல் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிக்கும் பதற்றத்துக்குமான கேபபென்டின் போன்றவை மனிதர்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே மருந்துதான். சீட்டை எழுதி வாங்கி வெளி மருந்துக்கடையில் வாங்கினால் பல இடங்களில் விலை குறைவு. அளவை மட்டும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நமக்குக் கேட்கிறதே என்று பாராசிட்டமாலைக் கொடுத்தால் பூனை செத்துப்போகும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் தெள்ளு மருந்தும் அப்படியே.

எனக்குத் தோன்றும் முடிவுகள் இவை. ஒரே பூனை, இளம் வயது, மாதச் சம்பளம் என்றால் நான்காவது வகைப் பாலிசியும் அதோடு ஒரு சிறு சேமிப்பும். முதலில் கட்ட வேண்டிய பணத்துக்கு அந்தச் சேமிப்பு. நான்காவது வகை எட்டவில்லை என்றால், இரண்டாவது வகைக்கு இறங்குவதைவிட அந்தப் பிரீமியத்தைச் சேமிப்பில் போடுவேன். மூன்று நான்கு பூனைகள் உள்ள வீட்டில் பிரீமியங்கள் கூடிக் கையைக் கடிக்கும். எல்லாப் பூனைகளும் ஒரே ஆண்டில் படுத்துவிடும் வாய்ப்பு குறைவு என்பதால் ஒரே பொதுச் சேமிப்பு அங்கே நன்றாக வேலை செய்யும். வருமானம் நிச்சயமில்லாதவர், குட்டியின் முதல் ஆண்டுச் செலவு முழுவதையும் அறக்கட்டளை மருத்துவமனையில் முடித்து, மிச்சப்பட்டதை அவசரத்துக்கு எடுத்துவைக்கலாம். தவணையில் கட்ட அனுமதிக்கும் மருத்துவமனை எது என்பதையும் இப்போதே விசாரித்துவைக்கலாம்.

வயதான பூனைக்கு, அதுவும் குறிப்பேட்டில் நாலு நோய் ஏறிய பூனைக்கு, புதிதாகக் காப்பீடு தேடி அலைய வேண்டாம். வேண்டிய எதற்கும் அது தராது. பழைய பாலிசி ஓடிக்கொண்டிருந்தால் பிரீமியம் உறுத்தினாலும் நிறுவனம் மாறாதீர்கள். மாறிய மறுகணம் எல்லா நோயும் ‘ஏற்கெனவே இருந்தது’ ஆகிவிடும். உறுத்தல் தாங்கவில்லை என்றால், நாமே ஏற்கும் தொகையைக் கூட்டிப் பிரீமியத்தைக் குறைக்க முடியுமா என்று அதே நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.